ஆறாவது குண்டு இறங்க மறுத்தால்: கருமருந்துக் கசடும் வாய்வழி ரைஃபிளும்

முதல் குண்டு ஒரே அமுக்கில் அடிவரை போய் உட்காரும். மூன்றாவதுக்கு உள்ளங்கை கொஞ்சம் அழுந்தும். ஆறாவதுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ள வேண்டியிருக்கும். கருமருந்து போட்டு, குழல் வாய் வழியே கெட்டித்துச் சுடும் ரைஃபிளைத் தொட்ட எல்லோருக்கும் இந்த ஆறாவது குண்டு தெரியும். நான் சுடுவது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில். இங்கே ஃபிரண்ட்ஷிப் என்ற சிற்றூரில், 1933இல் தொடங்கிய நேஷனல் மஸில் லோடிங் ரைஃபிள் அசோசியேஷனின் போட்டிகள் ஆண்டுதோறும் நடக்கின்றன. ஜூன் மாதப் புழுக்கத்தில் ஒரு மாதிரியும், செப்டம்பரில் காற்று காய்ந்த பிறகு வேறு மாதிரியும் அதே ரைஃபிள் நடந்துகொள்ளும். ரைஃபிள் மாறவில்லை, உள்ளே இருக்கும் கசடின் ஈரம்தான் மாறியிருக்கிறது. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு விஷயத்தை வைத்தே பிடித்துவிடலாம்.

கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்து முடித்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை, திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி வெள்ளைப் புகையாக வெளியே போகும், மீதி குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவது வெறும் கரி இல்லை. பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்ஃபேட், சல்ஃபைடு எல்லாம் அதில் உண்டு. கார்பனேட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். தண்ணீர் பட்டதும் கூமுட்டை நாற்றம் அடிப்பது சல்ஃபைடினால். இவை பெரும்பாலும் தண்ணீரில் கரையும் உப்புகள். அதனால்தான் நவீனத் துப்பாக்கிக்கென்று விற்கும் விலை உயர்ந்த கரைப்பான்கள் இங்கே தோற்றுப்போகின்றன, சாதாரணத் தண்ணீர் ஜெயிக்கிறது.

கோளாறு பார்க்கும் முன் நான்கு விஷயம். இவற்றில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. கெட்டிக்கும் கோலில் இரண்டு கோடு இருக்க வேண்டும்: வெறும் குழலில் கோல் எதுவரை இறங்குகிறது என்று ஒன்று, வழக்கமான மருந்தும் குண்டும் உட்கார்ந்த பிறகு எதுவரை என்று ஒன்று. துப்பாக்கி நிரம்பியிருக்கிறதா இல்லையா என்பதை அந்தக் கோடு சொல்லும், ஞாபகத்தை நம்ப வேண்டாம். இரண்டாவது, சுட்டும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்குப் பக்கமே வைத்து ஒரு நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள், தாமதமாகப் பற்றுவது உண்டு. மூன்றாவது, மருந்துக் கொம்பிலிருந்தோ டப்பாவிலிருந்தோ நேரே குழலில் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு கனல் மிச்சம் இருந்தாலும் கையில் இருக்கும் மொத்த மருந்தும் பற்றிக்கொள்ளும். அளவுக்குழாயில் எடுத்து, அதிலிருந்து ஊற்றுங்கள். நான்காவது, புகையில்லா மருந்து (நவீனத் தோட்டாக்களில் இருப்பது) இந்தக் குழலுக்குள் ஒரு சிட்டிகைகூடப் போகக் கூடாது.

குண்டு பாதி வழியில் நின்றுவிட்டது

சுடாதீர்கள். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றிடம் இருக்கும்போது சுட்டால் குழல் உள்ளிருந்து வளையமாகப் புடைக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். சுட்டால் வெளியே வந்துவிடும்தானே என்று தோன்றும் அந்த நொடிதான் ஆபத்தானது.

நிப்பிளில் (குழலின் அடியில் நெருப்பு உள்ளே போகும் துளையுள்ள சிறு காம்பு) கேப் (அடித்தால் பொறி தரும் சிறு உலோகத் தொப்பி) இருந்தால் எடுத்துவிடுங்கள். கல் உரசும் பொறியில் பற்றும் சக்கிமுக்கித் துப்பாக்கியானால், பற்றுமருந்து வைக்கும் கிண்ணியைத் துடைத்துக் காலி செய்யுங்கள். குழல் வாய் உங்கள் முகத்துக்கும் உடம்புக்கும் விலகி இருக்கட்டும். துப்பாக்கியோடு வரும் மரக்கோலை வைத்துப் பலத்தைக் காட்ட வேண்டாம், அது சாய்வாகப் பிளந்தால் கூரான முனை உள்ளங்கைக்குள் போகும். எஃகிலோ பித்தளையிலோ செய்த தனிக் கோல் ஒன்று கையில் இருக்க வேண்டும். அதைக் குழல் வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து, சிறுசிறு தள்ளாகத் தள்ளுங்கள். இறங்கவில்லை என்றால் துடைக்கும் திரவத்தில் சில சொட்டு வாய் வழியே விட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். கசடு உப்பு என்பதால் இளகும். கோடு வரை போய்விட்டால் வழக்கம்போல் சுடலாம். மருந்து கொஞ்சம் நனைந்து தாமதமாகப் பற்றக்கூடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் அசையவில்லையா? கார்பன் டை ஆக்ஸைடு வாயுவால் குண்டை வெளியே தள்ளும் சிறு கருவி விற்கிறார்கள். நிப்பிளிலோ, கிண்ணியிலிருந்து குழலுக்குள் நெருப்பு போகும் தீத்துளையிலோ பொருத்தி அழுத்தினால் போதும், பையில் ஒன்று இருப்பது நல்லது. அது இல்லாவிட்டால் நிப்பிள் வழியாகத் தண்ணீர் விட்டு மருந்தை முழுசாக நனைத்துவிட்டு, கோலின் முனையில் திருகாணியை மாட்டி, ஈயக்குண்டில் இறக்கி இழுக்க வேண்டும். நனைக்காமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

இது புதிய தலைவலி இல்லை. 1800இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த பேக்கர் ரைஃபிளுக்கு, இறுகிய குண்டை அடித்து இறக்க ஆரம்பத்தில் சிறு மரச்சுத்தியலே கொடுத்தார்கள். உள்ளே சுருளாக வரிப்பள்ளம் வெட்டிய வரிக்குழலில் கசடேறினால் குண்டு இறக்க நேரம் பிடித்ததால்தான் அந்தக் காலப் படைகளில் பெரும்பாலானவர்கள் துல்லியம் குறைந்த வரியில்லாத மஸ்கட்டையே சுமந்தார்கள். 1840களின் கடைசியில் பிரெஞ்சு அதிகாரி மினியே கொண்டுவந்த குண்டு இந்த முடிச்சை அவிழ்த்தது. குழலைவிடச் சற்றுச் சிறியது, அடியில் குழிவானது. அழுக்குக் குழலிலும் தடையில்லாமல் இறங்கும், சுட்டதும் அடிப்பாகம் விரிந்து வரிகளைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர்ச் சரித்திரப் புத்தகத்தில் 1857இல் வரும் கொழுப்பு தடவிய தோட்டாவும் இதே குடும்பம்தான். என்ஃபீல்டு ரைஃபிளின் அந்தத் தோட்டாவில் கொழுப்பைத் தடவியதற்குக் காரணம், குண்டு சுலபமாக இறங்க வேண்டும், கசடு இறுகாமல் இருக்க வேண்டும் என்பதே. எந்த மிருகத்தின் கொழுப்பு என்ற கேள்வியில் ஒரு நாடே கொதித்தது.

இனி நின்றுபோகாமல் இருக்க என்ன செய்வது? ஒவ்வொரு சுடலுக்கும் பிறகு ஒரு ஈரத்துணி. கேட்க எளிது, ஆனால் பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. துணியைப் பிழிந்து உதட்டில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. அவ்வளவுதான் ஈரம். மெதுவாக ஒரே ஓட்டத்தில் அடிவரை விட்டு, இரண்டு நொடி நிறுத்தி, ஒரே ஓட்டத்தில் வெளியே இழுங்கள். துணியைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை. அப்புறம் ஒரு காய்ந்த துணி. மேலும் கீழும் பம்ப் அடிப்பது போல ஆட்டினால் கசடு முழுவதையும் நீங்களே அடியில் கொண்டுபோய்க் குவிக்கிறீர்கள்.

கோல் முனையில் துணியைப் பிடிக்கும் ஜேகின் அளவும் முக்கியம். கடையில் வாங்கும் ஜேக் சில சமயம் குழலுக்கு மிக இறுக்கமாக இருக்கும். கொஞ்சம் சின்னதாக இருந்தால், இறங்கும்போது துணி கசடின் மேல் வழுக்கிப் போகும், ஏறும்போது ஜேகின் பள்ளங்களில் சுருண்டு தடித்து கசடை வாரிக்கொண்டு வரும். ஒரு பெரியவர் தன் ஜேகை டிரில்லில் மாட்டி, உப்புத்தாள் பிடித்து, ஒரு மயிரிழை குறைத்துக் கொடுத்தார். எந்தத் திரவமும் எனக்கு அவ்வளவு உதவியதில்லை.

காய்ந்த நாளில் கசடு சுண்ணாம்புக் காரை போல இறுகும், அன்றைக்கு ஈரம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். புழுங்கும் நாளில் அது களியாகக் கிடக்கும், அன்றைக்குக் காய்ந்த துணிதான் அதிகம் உழைக்கும். பனிக்காலத்தில் வெறும் தண்ணீர் உறைந்துவிடும். பலர் கார் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறது.

துடைக்கும் துணி உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது

இது எனக்கே நடந்தது. வெயில் ஏறிய ஒரு மதியம், ஏழு எட்டுக் குண்டு துடைக்காமலே சுட்டுவிட்டு, அவசரத்தில் காய்ந்த துணியை முதலில் விட்டேன். அடிவரை போனது, திரும்பி வரவில்லை. கோலின் பிடியைக் கிளையில் மாட்டி இழுத்துப் பார்த்தேன், பிடி கழன்று கையோடு வந்தது.

இழுக்க இழுக்க அந்தத் துணி சுருண்டு இன்னும் இறுகும். பலம் இங்கே எதிரி. வாய் வழியே, கோலைச் சுற்றி, கால் டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். குழல் நிமிர்ந்தபடியே பத்து நிமிடம் இருக்கட்டும். பிறகு கோலைக் கொஞ்சம் கீழே தள்ளித் திருப்பி, அதன்பின் இழுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். துணி மட்டும் ஜேகிலிருந்து கழன்று அடியில் தங்கினால், இரண்டு சுருள் கம்பி வைத்த முனையை மாட்டித் திருகி எடுக்கலாம். முதலில் ஈரம், பிறகு காய்ந்தது என்ற வரிசையை நான் அதற்குப் பிறகு மாற்றியதில்லை.

கேப் வெடிக்கிறது, மருந்து பற்றவில்லை

முதலில் அந்த ஒரு நிமிடம். அதன்பின் நிப்பிள் துளையில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். துளை அடைத்திருந்தால் கம்பி முனையில் கறுப்பு மாவு வரும். குத்தி எடுத்துவிட்டுப் புது கேப் வைத்துச் சுடுங்கள். இரண்டு முறை ஆகியும் பற்றாவிட்டால் நிப்பிளைக் கழற்றி, அதன் கீழே உள்ள வழியில் ஒரு சிட்டிகை மருந்தை இட்டு மறுபடி மாட்டுங்கள். அனேகமாக அதில் போய்விடும்.

ஏன் அடைக்கிறது? ஹாக்கன் பாணித் துப்பாக்கிகள் (பழைய அமெரிக்க வேட்டை ரைஃபிளின் வடிவம்) பலவற்றில் குழலின் அடி ஒரே விட்டமாக முடிவதில்லை. கடைசியில் குழலைவிடக் குறுகிய ஒரு சிறு அறை, அதிலிருந்து நிப்பிளுக்கு ஒரு வளைந்த வழி. 50 கேலிபர் (அரை அங்குலக் குழல்) ஜேக் அந்த அறையின் வாயிலேயே முட்டி நின்றுவிடும். சொட்டச் சொட்ட ஈரத்துணி விட்டால் கறுப்புக் கஞ்சி அந்த அறைக்குள் வழியும், அடுத்து கொட்டும் மருந்து அதன் மேல் விழும். 32 கேலிபர் பிரஷ் ஒன்றில் துணியைச் சுற்றி அடிவரை விட்டுத் திருப்பி எடுங்கள். நீங்கள் நன்றாகத் துடைத்த குழல் என்று நினைத்ததிலிருந்து அது என்ன கொண்டுவருகிறது என்று பாருங்கள்.

இன்னொரு பழக்கம் உதவும். துடைக்கும்போது, சுட்ட கேப் மேலேயே துப்பாக்கியின் சுத்தியல் (கேப்பை அடிக்கும் பாகம்) இறங்கியிருக்கட்டும். வழி மூடியிருப்பதால் கசடு நிப்பிளுக்குள் ஏறாது. குண்டை இறக்கும்போது பழைய கேப்பை எடுத்துவிட்டு, சுத்தியலைப் பாதி ஏற்றி வையுங்கள். அப்போது குண்டு தள்ளும் காற்று வெளியேறும் வழியில் மருந்துத் துகளையும் நிப்பிள் பக்கம் கொண்டுபோகும். புது கேப் எப்போதும் கடைசியில், சுடும் கோட்டில் நின்ற பிறகுதான்.

வழி திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, நாளின் முதல் மருந்தைப் போடும் முன், காலி என்று கோலை விட்டு உறுதி செய்த குழலில் வெறும் கேப் மட்டும் வைத்து, குழல் வாயை ஒரு புல் நுனிக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடியுங்கள். புல் சடக்கென்று தலையாட்டினால் வழி திறந்திருக்கிறது. அசையவில்லை என்றால் உள்ளே எண்ணெயோ கசடோ இருக்கிறது. குழலில் தடவி வைத்த எண்ணெயை ஸ்பிரிட் தோய்த்த துணியால் எடுக்காமல் வந்திருந்தால் முதல் குண்டே சொதப்பும்.

கிண்ணியில் மட்டும் பளிச்சென்று எரிந்து அணைகிறது

சக்கிமுக்கிக்காரர்களுக்கு மட்டும். கிண்ணியில் எரிந்து மிஞ்சும் கசடு புழுக்கமான நாளில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரத்தை இழுத்துக் கறுப்புச் சேறாகும், அதன் மேல் போடும் பற்றுமருந்தும் நனையும். ஒவ்வொரு முறையும் கல்லின் கூர்விளிம்பு, அது உரசும் இரும்பு முகம், கிண்ணி மூன்றையும் காய்ந்த துணியால் துடையுங்கள். தீத்துளையைக் கம்பியால் குத்திவிடுங்கள். கெட்டிக்கும்போது அந்தத் துளையில் ஒரு இறகின் தண்டைச் செருகி வைப்பது பழைய வழக்கம். இறகை உருவியதும் நெருப்புக்கு நேர்வழி கிடைக்கும். பற்றுமருந்து துளையை மூடும்படி குவியக் கூடாது. மூடினால் நெருப்பு தாவாமல் திரி போலச் சீறிக்கொண்டு எரியும்.

அடியில் ஒரே இடத்தில் தடுக்குகிறது

குண்டு நன்றாக இறங்கி, உட்காரும் இடத்துக்குச் சற்று முன் ஒரு மேட்டில் தடுக்கினால் அது கசடு வளையம். கேப்புக்குப் பதில் 209 பிரைமர் என்ற பற்றவைப்பான் போடும் நவீன வகைத் துப்பாக்கிகளில், பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகளோடு அடிக்கடி வரும். அந்த இடத்தில் ஈரத்துணியை நிறுத்தி, கோலைத் திருப்பித் திருப்பி எடுங்கள், ஒவ்வொரு குண்டுக்கும். வளையத்தின் மேல் குண்டு நின்றதையே அடிவரை போனதாக எண்ணிவிடக் கூடாது, கோலின் கோடுதான் சாட்சி.

குண்டுகள் சிதறுகின்றன

குண்டைச் சுற்றிக் கொழுப்பு தடவிக் கெட்டிக்கும் துணி ஒன்று உண்டு, துடைக்கும் துணி வேறு. சுட்டுப் பறந்த அந்தத் துணியைத் தேடி எடுங்கள். ஏழெட்டு அடியிலிருந்து முப்பது அடி வரை புல்லில் கிடக்கும், தளத்தில் எல்லோரும் சுடுவதை நிறுத்திய பிறகு போய்ப் பொறுக்கலாம். எனக்கு இது இன்றும் அலுக்காத வேலை. நல்ல துணி என்றால், நடுவில் குண்டு அமர்ந்த வட்டம் வெளுத்து, சுற்றிலும் வரிகளின் தடம் சீராகப் பதிந்திருக்கும். ஓரம் நைந்திருந்தால் பரவாயில்லை. அந்த வட்டத்தின் விளிம்பில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெலிது அல்லது கொழுப்பு போதவில்லை. வாயு பக்கவாட்டில் ஒழுகி, கசடையும் வறுத்துக் காயவைக்கிறது. வரித் தடத்தில் கத்தி வைத்தது போல நேராகக் கிழிந்திருந்தால் குழல் வாயின் விளிம்போ வரிகளோ கூராக இருக்கின்றன.

என் 50 கேலிபருக்கு 0.490 அங்குலக் குண்டும், 0.018 அங்குலத் தடிமனான தலையணை உறைப் பருத்தித் துணியும் பொருந்துகின்றன. உங்கள் குழலுக்கு வேறாக இருக்கலாம், துணியைப் பார்த்து மாற்றுங்கள். புதுத் துணியைக் கஞ்சி போகத் துவைத்த பிறகே வெட்டுங்கள்.

துணியில் என்ன தடவுகிறீர்கள் என்பதும் உண்டு. இன்ஜின் ஆயில் மாதிரி பெட்ரோலிய எண்ணெய்கள் கருமருந்தோடு எரிந்தால் தார் போன்ற ஒன்று உருவாகி, தண்ணீருக்கும் மசியாமல் ஒட்டும். தேன்மெழுகோடு மாட்டுக்கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ கலந்தது கசடை இளக்கமாக வைத்திருக்கும். கனிம எண்ணெய் அடிப்படையிலானது என்றாலும் பாலிஸ்டால் என்ற துப்பாக்கி எண்ணெய் விதிவிலக்கு. தண்ணீரோடு பால் போலக் கலக்கும், ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர் சேர்த்துத் துணியை நனைத்துக் காயவைத்துப் பயன்படுத்துவேன்.

மருந்தின் தரமும் தெரியும். சுவிஸ் மருந்து விலை அதிகம், ஆனால் அதன் கசடு ஈரமாகவும் மென்மையாகவும் இருக்கும். துகள் பருமனையும் பாருங்கள்: 50 கேலிபரில் 2எஃபிலிருந்து அதைவிட நுண்ணிய 3எஃபுக்கு மாறினால் கசடு குறையும், ஆனால் அழுத்தம் கூடும். அளவைக் குறைத்து, துப்பாக்கியின் கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள்ளேயே மாற்றுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் முதல் குண்டு மட்டும் தள்ளிப் போகிறதா? சுத்தமான குழல் ஒரு மாதிரி, ஒரு முறை கசடு பூசிய குழல் வேறு மாதிரி. போட்டிக்கு முன் ஒரு குண்டை மண்மேட்டில் சுட்டுவிட்டு, ஒரே மாதிரி துடைத்துத் தொடங்குங்கள். மூன்று குண்டுக்கு ஒருமுறை துடைக்கிறவர், ஒவ்வொன்றுக்கும் துடைக்கிறவர் இருவருமே நன்றாகச் சுடுவதைப் பார்த்திருக்கிறேன். நினைத்தபோது துடைக்கிறவர் சுடுவதைத்தான் பார்த்ததில்லை.

மறுநாள் குழலில் பழுப்பு

அன்றிரவே கழுவாததால். கசடு இழுத்த ஈரத்தில் இரும்பு சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். பைரோடெக்ஸில் பெர்குளோரேட் இருப்பதால் அதன் கசடு இன்னும் கொடியது. களைப்பாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்த குழலில் விழும் குழிகள் பிறகு எதைச் செய்தாலும் போகாது. ஒவ்வொரு குழியும் அடுத்தடுத்த நாள் கசடுக்கு இருப்பிடம்.

குழல் கழறுமானால் கழற்றி, நிப்பிளை எடுத்துவிட்டு, அடிப்பாகத்தை வாளித் தண்ணீரில் வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. ஜேகில் துணி மாட்டி இழுத்தால் தண்ணீர் உள்ளே ஏறும், அமுக்கினால் கறுப்பாக வெளியேறும். துடைக்கும்போது கூடாது என்ற பம்ப் இங்கே வேண்டும். கூமுட்டை நாற்றம் அடங்கி, தண்ணீர் தெளிவாகும்வரை மாற்றுங்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. காய்வது சீக்கிரம்தான், ஆனால் எனக்கு அதில் துணியில் ஒரு செம்மை தெரிந்தது. உடனடித் துரு அது, அதனால் விட்டுவிட்டேன். காய்ந்த துணிகளை ஒன்றும் ஒட்டாமல் வரும்வரை விட்டு, எண்ணெய் தடவிய துணியால் முடியுங்கள்.

மறுநாளும் மூன்றாம் நாளும் ஒரு வெள்ளைத் துணியை விட்டு எடுத்துப் பாருங்கள். வெளிர் சாம்பல் நிறம் வந்தால் சரி. பழுப்பு வந்தால் மறுபடி தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். வைக்கும்போது குழல் வாய் கீழே இருக்கட்டும், எண்ணெய் அடியறைக்குள் இறங்கித் தேங்காது.